ஆகாய விமானத்துக்கும் ஒரு பிரேக் இன்ஸ்பெக்டர்!

2025-ம் ஆண்டு நவம்பர் 28-ந் தேதி, வெள்ளிக்கிழமை. ஜெர்மனி நாட்டில் உள்ள கொலோன் நகரத்திலிருந்து ஓர் உத்தரவு புறப்பட்டது.

அது ராணுவ உத்தரவு அல்ல. சண்டையும் மூளவில்லை. ஆனாலும் உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கான ஆகாய விமானங்கள் அந்த உத்தரவுக்குக் கட்டுப்பட்டு நின்றன. "ஏர்பஸ் ஏ-320" என்ற ரகத்தைச் சேர்ந்த விமானங்கள் அவை. சென்னையிலிருந்து டெல்லிக்கோ மும்பைக்கோ போகிறவர்கள் பெரும்பாலும் ஏறுவது இந்த ரக விமானத்தில்தான்.

விமானங்கள் நின்றதற்குக் காரணம் யார் தெரியுமா?

சூரியன்!

ஒரு மாதத்துக்கு முன்பு, அக்டோபர் 30-ந் தேதி, மெக்சிகோவில் இருந்து அமெரிக்காவுக்கு ஒரு ஏ-320 விமானம் பறந்துகொண்டிருந்தது. நடு வானத்தில் அது திடீரென்று மூக்கைத் தாழ்த்திக் கீழே இறங்கியது. விமானி அப்படி இறக்கவில்லை. விமானம் தானாக இறங்கியது. பிரயாணிகளில் சிலருக்குக் காயம். அவசரமாக அமெரிக்காவில் உள்ள டாம்பா நகரத்தில் விமானம் தரை இறக்கப்பட்டது.

இந்த ரக விமானத்தில், விமானி கையில் பிடிக்கும் கோலுக்கும் வாலில் அசையும் தகட்டுக்கும் நடுவே ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. விமானி கோலை அசைத்தால், கம்ப்யூட்டர் தகட்டை அசைக்கும். சூரியனிலிருந்து கடுமையான கதிர்வீச்சு வரும்போது அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கணக்கு கெட்டுப் போகலாம் என்று விமானத்தைத் தயாரிக்கும் ஏர்பஸ் கம்பெனி கண்டுபிடித்தது. உடனே கொலோனில் உள்ள ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு ஏஜென்சி கட்டாய உத்தரவு போட்டது. இதைச் சரி செய்யாமல் அடுத்த பிரயாணம் கூடாது என்பது உத்தரவின் சாரம்.

உலகம் முழுவதும் சுமார் 6,000 விமானங்கள் இந்த உத்தரவில் அகப்பட்டன. இந்தியாவில் மட்டும் 338. டெல்லியில் உள்ள நமது விமானப் போக்குவரத்து அதிகாரிகளும் அதே கையோடு உத்தரவு போட்டார்கள். இரவு பகலாக வேலை நடந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் அநேகமாக எல்லாம் முடிந்துவிட்டது. பிரயாணிகளுக்குச் சில மணி நேரத் தாமதம். அவ்வளவுதான். உயிர்ச் சேதம் இல்லை.

இதைப் படிக்கும்போது, "பரவாயில்லையே! உத்தரவு போட்டார்கள், வேலை நடந்தது" என்று தோன்றும். ஆனால் 338 விமானங்களிலும் வேலை சரியாக நடந்ததா என்று பார்த்தது யார்? பார்க்கிறவருக்கு அது புரியுமா? அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

இந்தக் கட்டுரை அந்த ஆளைப் பற்றியது.

பஸ்சுக்கு எப்.சி.

ஊரில் ஓடும் பஸ்சுக்கும் லாரிக்கும் "எப்.சி." காட்ட வேண்டும். இது எல்லாருக்கும் தெரியும். வண்டி ஓடத் தகுதியானது என்று சர்க்கார் கொடுக்கும் சான்றுதான் எப்.சி. ஆர்.டி.ஓ. ஆபீசிலிருந்து ஓர் அதிகாரி வந்து வண்டியைப் பார்ப்பார். மோட்டார் வாகன ஆய்வாளர் என்பது அவருடைய உத்தியோகப் பெயர். ஜனங்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் "பிரேக் இன்ஸ்பெக்டர்."

எப்.சி.க்குப் போகிற அன்று பஸ் எவ்வளவு அழகாக இருக்கும்! புதுப் பெயிண்டு. கழுவிய கண்ணாடி. தேயாத டயர். மறு மாதம் அதே பஸ்சைப் பார்த்தால் அடையாளம் தெரியாது.

ஆகாய விமானத்துக்கும் எப்.சி. உண்டு. ஒவ்வொரு விமானத்தையும் ஆண்டுக்கு ஒரு முறை அலசிப் பார்த்து, "பறக்கும் தகுதி சரியாக இருக்கிறது" என்று சான்று கொடுக்கிறார்கள். ஆனால் ஒரு நாள் அழகு காட்டி விமானம் தப்ப முடியாது. பஸ் நடு வழியில் நின்றால் ஜனங்கள் இறங்கித் தள்ளலாம். 35,000 அடி உயரத்தில் யார் இறங்கித் தள்ளுவது?

அதனால் விமானத்துக்குத் தகுதி தினமும் இருக்க வேண்டும். இத்தனை மணி நேரம் பறந்தால் இந்தத் திருகுக்குக் கிரீஸ் போட வேண்டும். இத்தனை முறை தரை இறங்கினால் இந்தச் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்க வேண்டும். இப்படி ஆயிரக்கணக்கான கணக்குகள் உண்டு. ஒவ்வொன்றையும் செய்தவர் கையெழுத்துப் போட வேண்டும். தப்பு நடந்தால், பல ஆண்டு கழித்தும் அந்தக் கையெழுத்தைத் தேடி எடுத்து விசாரிப்பார்கள்.

1944-ம் ஆண்டு டிசம்பர் 7-ந் தேதி அமெரிக்காவில் சிகாகோ நகரத்தில் பல தேசங்கள் கூடி ஓர் ஒப்பந்தம் செய்தன. இந்தியாவும் கையெழுத்துப் போட்டது. நமது விமானம் அடுத்த தேசத்தில் இறங்கலாம். அவர்களுடைய விமானம் இங்கே இறங்கலாம். ஆனால் தன்னுடைய விமானம் பறக்கத் தகுதியானது என்பதற்கு அந்தந்த தேசத்து சர்க்கார்தான் பொறுப்பு. இப்போது 193 தேசங்கள் இதில் சேர்ந்திருக்கின்றன.

ஆக, கம்பெனி தன் விமானத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கம்பெனி சரியாகப் பார்க்கிறதா என்று சர்க்கார் அதிகாரி பார்க்க வேண்டும். அந்த அதிகாரிக்கு விஷயம் தெரியாவிட்டால் என்ன நடக்கும்?

கிரீஸ் இல்லாத திருகு

2000-ம் ஆண்டு ஜனவரி 31-ந் தேதி. மெக்சிகோவிலிருந்து அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரத்துக்கு ஒரு விமானம் கிளம்பியது. அலாஸ்கா ஏர்லைன்ஸ் கம்பெனியின் விமானம். அதில் 88 பேர் இருந்தார்கள்.

போகும் வழியிலேயே வாலின் மேல் பக்கத் தகடு அசைய மறுத்தது. விமானிகள் பாடுபட்டுப் பார்த்தார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் இறங்கிவிடலாம் என்று திரும்பினார்கள். முடியவில்லை. விமானம் தலைகுப்புறக் கடலில் விழுந்தது. 88 பேரும் மாண்டார்கள்.

கடலுக்குள் கிடந்த துண்டுகளை எடுத்துப் பார்த்தார்கள். வால் தகட்டை மேலும் கீழும் நகர்த்துவது சுமார் இரண்டு அடி நீளம் உள்ள ஒரு பெரிய திருகு. அந்தத் திருகு ஒரு நட்டுக்குள் சுற்றும். நட்டின் உள்ளே இருக்கும் மரை முழுவதும் தேய்ந்து, பிய்ந்து, கம்பிச் சுருள் போலத் திருகைச் சுற்றிக் கிடந்தது.

மரை ஏன் தேய்ந்தது? கிரீஸ் இல்லை!

சைக்கிள் கடையில் வேலை செய்யும் பையனுக்குக்கூடத் தெரியும், கிரீஸ் இல்லாமல் சுற்றினால் மரை தேயும் என்று. அமெரிக்காவில், அத்தனை பெரிய கம்பெனியில், இது எப்படி நடந்தது?

இங்கேதான் கவனிக்க வேண்டும். ஒரே நாளில் யாரும் கிரீசை நிறுத்தவில்லை. கிரீஸ் போடும் கெடுவைக் கம்பெனி கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டே போயிற்று. ஒவ்வொரு முறையும் சில நூறு மணி நேரம் கூட்டினார்கள். கடைசியாக 1996-ம் ஆண்டில், எட்டு மாதத்துக்கு ஒரு முறை போட்டால் போதும் என்று ஆக்கினார்கள். எட்டு மாதம் என்றால் விமானம் சுமார் 2,550 மணி நேரம் பறந்துவிடும்.

கம்பெனி தன் இஷ்டத்துக்கு இப்படிச் செய்ய முடியாது. அமெரிக்க சர்க்காரின் விமான இலாகா சம்மதிக்க வேண்டும். இலாகா சம்மதித்தது.

இன்னொரு சங்கதி. 1997-ம் ஆண்டு செப்டம்பரில் இதே விமானத்தைக் கொட்டகையில் நிறுத்தி அந்தத் திருகை அளந்தார்கள். ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்கு போட்டால், 40 பங்குக்கு மேல் ஆட்டம் இருக்கக் கூடாது. அளந்ததில் சரியாக 40 பங்கு. "நட்டை மாற்ற வேண்டும்" என்று மெக்கானிக் எழுதி வைத்தார். அடுத்த ஷிப்டு ஆட்கள் வந்தார்கள். மறுபடி அளந்தார்கள். 33 பங்குதான் என்றார்கள். நட்டு மாற்றப்படவில்லை. விமானம் வெளியே போயிற்று.

அந்தத் திருகுக்குச் சரியாகக் கிரீஸ் போட நான்கு மணி நேரம் ஆகும் என்பது தயாரித்தவர்களின் கணக்கு. கடைசியாக அந்த விமானத்துக்குக் கிரீஸ் போட்ட மெக்கானிக்கை விசாரித்தபோது, சுமார் ஒரு மணி நேர வேலை என்றார்.

காகிதத்தைப் பார்த்தால் எல்லாம் ஒழுங்கு. எட்டு மாதக் கெடு. கெடுவுக்குள் கிரீஸ் போட்டதாகக் கையெழுத்து. கெடுவுக்கு இலாகாவின் சம்மதம். ஒரு குற்றமும் சொல்ல முடியாது. மரை மட்டும் தேய்ந்துகொண்டிருந்தது.

அமெரிக்க விபத்து விசாரணைக் குழு தீர்ப்பு எழுதும்போது கம்பெனியோடு நிறுத்தவில்லை. சர்க்கார் இலாகாவையும் குற்றம் சாட்டியது. கெடுவை நீட்டச் சம்மதித்தது தப்பு. கம்பெனியின் வேலையைப் பல ஆண்டுகளாகவே இலாகா சரியாகக் கவனிக்கவில்லை. இதுதான் தீர்ப்பு.

விபத்துக்குப் பிறகு அதே இலாகா புது உத்தரவு போட்டது. 650 மணி நேரத்துக்கு ஒரு முறை கிரீஸ் போட வேண்டும்! 2,550 எங்கே, 650 எங்கே?

கம்பெனி முதலில் நீட்டிப்பு கேட்டு வந்தபோதே, "எந்த ஆதாரத்தில் நீட்டச் சொல்லுகிறீர்கள்? இந்த மரையில் எவ்வளவு தேய்வு இருக்கிறது? அளந்த கணக்கைக் காட்டுங்கள்" என்று ஓர் அதிகாரி கேட்டிருக்க வேண்டும். அப்படிக் கேட்பதற்கு முரட்டுத்தனம் தேவை இல்லை. படிப்பு தேவை.

வெடிப்பைப் பார்த்த பிரயாணி

அதற்கும் 12 ஆண்டுகளுக்கு முன்பு இன்னொரு சம்பவம். 1988-ம் ஆண்டு ஏப்ரல் 28-ந் தேதி, ஹவாய்த் தீவுகளில் நடந்தது.

ஒரு தீவிலிருந்து அடுத்த தீவுக்கு அரை மணி நேரப் பிரயாணம். டவுன் பஸ் மாதிரி ஏறுவதும் இறங்குவதுமாக இருந்த விமானம் அது. வயது 19. அதற்குள் 89,680 முறை பறந்து இறங்கியிருந்தது. 24,000 அடி உயரத்தில் போகும்போது அதன் முன்பக்கக் கூரை பிய்த்துக்கொண்டு போயிற்று! சுமார் 18 அடி நீளத்துக்கு வானம் தெரிந்தது. நடந்து போய்க்கொண்டிருந்த பணிப்பெண் ஒருவர் காற்றில் அடித்துச் செல்லப்பட்டார். பிரயாணிகள் பெல்ட் போட்டிருந்ததால் தப்பினார்கள். விமானிகள் 13 நிமிஷத்தில் விமானத்தைத் தரை இறக்கினார்கள். அது தனிக் கதை.

ஒரு தகட்டின் மேல் இன்னொரு தகட்டை ஏற்றி, பசை தடவி, ஆணி அடித்து அந்த விமானத்தைச் செய்திருந்தார்கள். கடல் காற்றில் பசை விட்டுப் போயிற்று. பாரம் முழுவதும் ஆணித் துவாரங்களில் விழுந்தது. துவாரத்துக்குத் துவாரம் மயிரிழை போல வெடிப்பு விட்டது. ஒரு நாள் எல்லா வெடிப்பும் ஒன்று சேர்ந்தது.

இந்த ஆபத்து முன்பே தெரியாதா? தெரியும். தயாரித்த போயிங் கம்பெனி, தகடுகள் சேரும் எல்லா இடங்களையும் பார்க்கும்படி முதல் ஆண்டே எழுதியிருந்தது. ஆனால் சர்க்கார் போட்ட கட்டாய உத்தரவோ, சில இடங்களைப் பார்த்தால் போதும் என்றது. கூரை பிய்ந்தது, கட்டாயம் இல்லாத இடத்தில்! விசாரணைக் குழு இதையும் எடுத்துச் சொன்னது.

அன்று விமானத்தில் ஏறும்போது ஒரு பிரயாணி வாசலுக்குப் பக்கத்தில் ஒரு வெடிப்பைப் பார்த்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. "பெரியவர்கள் பார்த்திருப்பார்கள், நமக்கென்ன" என்று நினைத்தாரோ என்னவோ!

அந்த விபத்துக்குப் பிறகு, கிழட்டு விமானங்களை எப்படிச் சோதிப்பது என்பதற்குப் புதுச் சட்டங்கள் வந்தன. அமெரிக்காவில் 1991-ல் ஒன்று. பிறகு 2010-ல் ஒன்று. ஆகவே 1985-ல் பாடம் படித்த அதிகாரி 1992-ல் அதே பாடத்தை வைத்துக்கொண்டு விமானத்தைப் பார்த்தால், பாதி குருடர்தான். விதி மாறினால் அதிகாரியும் மறுபடி பள்ளிக்கூடம் போக வேண்டும்.

இப்போது மாறியிருப்பது என்ன?

முன்பெல்லாம் அதிகாரிக்கு ஒரு பட்டியல் கொடுப்பார்கள். கருவிகள் சரியாக இருக்கின்றனவா? மெக்கானிக்குக்கு லைசென்சு உண்டா? கையெழுத்து இருக்கிறதா? இருந்தால் ஒரு கோடு. இல்லாவிட்டால் ஒரு பெருக்கல் குறி. சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம்.

இந்தப் பட்டியல் இன்னமும் வேண்டும். ஆனால் அலாஸ்கா விமானத்தில் கையெழுத்து இருந்தது அல்லவா? அதனால் உலகம் வேறு வழிக்குத் திரும்பியிருக்கிறது.

விமானத்தின் பராமரிப்பைக் கவனிக்கும் ஆபீசுகளுக்கு ஐரோப்பாவில் 2020-ம் ஆண்டு மார்ச் 24 முதல் புது விதி. ரிப்பேர் கொட்டகைகளுக்கு 2022-ம் ஆண்டு டிசம்பர் 2 முதல். பழைய முறையிலிருந்து மாறிக்கொள்ள அந்தக் கொட்டகைகளுக்கு 2024-ம் ஆண்டு டிசம்பர் 2 வரை அவகாசம் கொடுத்தார்கள். தப்பு நடந்த பிறகு திருத்தினால் போதாது. எங்கே தப்பு நடக்கக்கூடும் என்று கம்பெனியே முன்கூட்டித் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். மெக்கானிக் பயப்படாமல், "நான் ஒரு தப்புச் செய்துவிட்டேன்" என்று சொல்ல வழி இருக்க வேண்டும். ராத்திரி ஷிப்டில் தூக்கக் கலக்கத்தோடு வேலை செய்கிறார்களா, ஆள் போதவில்லையா என்பதையும் பார்க்க வேண்டும்.

இதெல்லாம் சரியாக நடக்கிறதா என்று சர்க்கார் அதிகாரி பார்க்க வேண்டும். எப்படிப் பார்ப்பார்? கருவியை அளக்கலாம். பயத்தை எதை வைத்து அளப்பது?

இதற்குத்தான் பயிற்சி. சர்வதேச சிவில் விமான ஸ்தாபனம் என்று ஒன்று கனடாவில் மாண்ட்ரீல் நகரத்தில் இருக்கிறது. அது சர்க்கார் அதிகாரிகளுக்கென்றே பாடத் திட்டம் வைத்திருக்கிறது. அமெரிக்க இலாகாவுக்கு ஓக்லஹாமா நகரத்தில் பெரிய பயிற்சிக் கல்லூரி இருக்கிறது. வெளிநாட்டு அதிகாரிகளும் அங்கே படிக்கப் போகிறார்கள். கொலோனில் உள்ள ஐரோப்பிய ஏஜென்சியும் இந்தியா, நேபாளம், இலங்கை முதலிய தெற்காசிய நாட்டு அதிகாரிகளுக்கு உதவித் திட்டம் நடத்தியிருக்கிறது. நமது நாட்டுப் பராமரிப்பு விதிகள் பெரும்பாலும் ஐரோப்பிய விதிகளை அடியொற்றி எழுதப்பட்டவை. அங்கே விதி மாறினால், இன்று இல்லாவிட்டாலும் நாளை இங்கேயும் மாற்றம் வரும்.

முதலில் வகுப்பில் பாடம் கேட்க வேண்டும். அது சுலபமான பாகம். பிறகு அனுபவம் உள்ள அதிகாரியோடு விமானக் கொட்டகைக்குப் போய், அவர் பார்ப்பதைப் பார்க்க வேண்டும். அதன் பிறகு தான் பார்க்க, அவர் பக்கத்தில் நின்று திருத்த வேண்டும். "இனி இவர் தனியாகப் போகலாம்" என்று அவர் எழுதிக் கொடுத்த பிறகுதான் தனியாக அனுப்புவது வழக்கம். மாமியார் பக்கத்தில் நின்று பார்க்க, புது மருமகள் முதல் தடவை கல்யாணச் சாம்பாருக்கு உப்புப் போடுவது போலத்தான்! சில ஆண்டுக்கு ஒரு முறை மறுபடி பாடம் உண்டு. விதி மாறினால் உடனே பாடம்.

என் அபிப்பிராயத்தில், வகுப்பு நாட்களைக் குறைத்தாலும் குறைக்கலாம். கொட்டகையில் நிற்கும் நாட்களைக் குறைக்கக் கூடாது. மூன்று நாள் வகுப்பில் உட்கார்ந்து சர்ட்டிபிகேட் வாங்கி வருவது, எப்.சி. அன்று பெயிண்டு அடிப்பது மாதிரிதான்.

நமது வீட்டுக் கணக்கு

இந்தியாவில் இந்த வேலையைச் செய்வது டெல்லியில் தலைமை ஆபீஸ் உள்ள சிவில் விமானப் போக்குவரத்து டைரக்டர் ஜெனரல் இலாகா. "டி.ஜி.சி.ஏ." என்று பத்திரிகையில் படித்திருப்பீர்கள். சென்னையிலும் அதற்கு ஆபீஸ் இருக்கிறது.

2014-ம் ஆண்டு ஜனவரி 31-ந் தேதி இந்த இலாகாவுக்கு ஒரு சூடு விழுந்தது. இந்தியாவின் மேற்பார்வை சர்வதேச அளவுக்குப் போதாது என்று அமெரிக்கா முதல் வகுப்பிலிருந்து இரண்டாம் வகுப்புக்கு நம்மை இறக்கியது. தகுதியுள்ள அதிகாரிகள் போதவில்லை, பயிற்சி போதவில்லை என்பவை அப்போது பேசப்பட்ட குறைகளில் முக்கியமானவை. இந்தியக் கம்பெனிகள் அமெரிக்காவுக்குப் புதிதாக விமானம் விட முடியாமல் போயிற்று. ஆட்களை எடுத்து, பயிற்சி கொடுத்து, குறைகளைத் திருத்தி, 2015-ம் ஆண்டு ஏப்ரலில்தான் முதல் வகுப்பைத் திரும்ப வாங்கினார்கள்.

பிறகு நல்ல பெயரும் வந்தது. 2022-ம் ஆண்டு நவம்பரில் சர்வதேச ஸ்தாபனம் இந்தியாவைச் சோதித்தது. 100-க்கு 85.65 மார்க்கு! முந்தின சோதனையில் 70-ஐக்கூட எட்டவில்லை. இதைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் 2025-ம் ஆண்டு ஆகஸ்டில் பார்லிமெண்டுக் குழு ஒன்று கொடுத்த அறிக்கை வேறு கணக்கைக் காட்டியது. இந்த இலாகாவில் இருக்க வேண்டிய உத்தியோகஸ்தர்கள் 1,063 பேர். இருந்தவர்கள் 553 பேர்! ஏறக்குறைய பாதி நாற்காலி காலி.

சர்க்கார் தரப்பில் ஒரு நியாயம் உண்டு. சில ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான புதுப் பதவிகளை ஏற்படுத்தினார்கள். புது நாற்காலி போட்டவுடன் ஆள் வந்துவிட மாட்டான். விமான என்ஜினீயருக்குக் கம்பெனியில் கிடைக்கும் சம்பளத்தை சர்க்கார் கொடுப்பதும் கஷ்டம். ஆனால் விமானங்கள் இதற்காகக் காத்திருக்குமா? 2023-ம் ஆண்டில் மட்டும் இண்டிகோ கம்பெனி 500 விமானங்களுக்கும் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்தன. வந்து இறங்கும் ஒவ்வொரு விமானத்துக்கும் தினமும் தகுதி பார்க்க வேண்டும்.

ஆள் குறைவு என்றால் வேலை தாமதமாகும் என்று மட்டும் நினைக்க வேண்டாம். இருக்கிற ஆளைப் பாடத்துக்கு அனுப்ப முடியாது! இரண்டு பேர் வேலையை ஒருவர் செய்யும் ஆபீசில், "மூன்று வாரம் பயிற்சிக்குப் போய்விட்டு வா" என்று எந்த மேலதிகாரி சொல்லுவார்? போனால் அந்த மூன்று வாரம் யார் பார்ப்பது? கூட நின்று கற்றுக்கொடுக்க வேண்டிய அனுபவசாலிக்கும் நேரம் இருக்காது. அவர் ரிட்டையர் ஆகிப் போகும்போது, அவருக்குத் தெரிந்ததும் கூடவே போய்விடும்.

எப்.சி. இல்லாமல் எட்டுப் பிரயாணம்

மேலே சொன்ன சூரிய உத்தரவு வந்த அதே நவம்பர் மாதத்தில் இன்னொரு காரியம் நடந்தது.

விஸ்தாரா என்ற கம்பெனி 2024-ம் ஆண்டு நவம்பரில் ஏர் இந்தியாவோடு சேர்ந்துவிட்டது. அங்கிருந்து வந்த 70 விமானங்களுக்கும் முதல் தடவை ஆண்டுச் சான்றை டி.ஜி.சி.ஏ.யே கொடுப்பது என்று முடிவாயிற்று. 69 விமானங்களுக்குக் கொடுத்தாயிற்று. எழுபதாவது விமானத்துக்குக் கம்பெனி மனுப் போட்டிருந்தது. அதற்குள் என்ஜின் மாற்றுவதற்காக அந்த விமானத்தை நிறுத்தினார்கள். நின்றிருந்த காலத்தில் பழைய சான்றின் கெடு தீர்ந்துவிட்டது. என்ஜின் மாற்றி முடிந்ததும், விமானம் தயார் என்று வெளியே விட்டுவிட்டார்கள். பிரயாணிகளை ஏற்றிக்கொண்டு எட்டு முறை பறந்தது!

நம் ஊரில் எப்.சி. தீர்ந்த பஸ்சை ஓட்டினால் செக்போஸ்டில் பிடித்துவிடுவார்கள். வானத்தில் செக்போஸ்டு கிடையாது.

நல்ல வேளையாக விபத்து ஒன்றும் நடக்கவில்லை. விமானத்தின் யந்திரத்தில் கோளாறு என்றும் யாரும் சொல்லவில்லை. சான்றுதான் இல்லை. "வெறும் காகிதம்தானே" என்று சிலர் சொல்லலாம். அலாஸ்காவில் காகிதம் இருந்தது, கிரீஸ் இல்லை. இங்கே காகிதம் இல்லை. இரண்டிலும் விமானம் கொட்டகையை விட்டு வெளியே வந்தது என்பதுதான் ஒற்றுமை.

இது எப்படித் தெரிய வந்தது? கம்பெனியே டி.ஜி.சி.ஏ.க்குத் தெரிவித்தது. இதைக் கவனியுங்கள். தப்பைத் தானே வந்து சொல்ல வேண்டும் என்பதுதானே புது விதியின் நோக்கம்! பழைய மாதிரிப் பாடம் படித்த அதிகாரி இந்த மனுவைப் பார்த்தவுடன், "யார் கையெழுத்துப் போட்டது? பிடி அவனை!" என்பார். மெக்கானிக்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டு பைலைக் கட்டிவிடுவார். அடுத்த முறை இப்படி நடந்தால் எந்தக் கம்பெனியும் வாயைத் திறக்காது. புதுப் பாடம் படித்த அதிகாரி வேறு கேள்வி கேட்பார். சான்று தீர்ந்த விமானம் வெளியே வரும்போது கம்ப்யூட்டர் ஏன் தடுக்கவில்லை? என்ஜின் மாற்றியவர்களுக்கும் சான்று பார்க்கிறவர்களுக்கும் பேச்சு வார்த்தை உண்டா? எட்டுப் பிரயாணத்திலும், கிளம்பும் முன் காகிதம் பார்த்தவர்கள் கண்ணில் அது ஏன் படவில்லை?

டி.ஜி.சி.ஏ. அந்த விமானத்தை நிறுத்தி வைக்கச் சொன்னது. சம்பந்தப்பட்ட சிப்பந்திகளைக் கம்பெனி வேலையிலிருந்து ஒதுக்கி வைத்தது. ஏற்பாட்டில் எங்கே ஓட்டை இருக்கிறது, மறுபடி நடக்காமல் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கம்பெனியே விசாரித்து எழுதித் தர வேண்டும் என்றும் டிசம்பர் மாத ஆரம்பத்தில் டி.ஜி.சி.ஏ. சொன்னது.

கம்பெனி எழுதிக் கொடுக்கும் அந்தப் பதில் ஓர் அதிகாரியின் மேஜைக்குப் போகும். பாதி நாற்காலி காலியாக இருக்கும் ஆபீசில், அவருடைய மேஜைக்கு.